இணைப்பு முதலில், முகப்பு பிறகு

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ள வசதியாக, கேள்வியை ஒருமுறை என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஸ்மார்ட்வாட்ச் செய்கிறீர்கள். திரை, பிராசசர், பேட்டரி எல்லாம் தலைப்பகுதியில் இருக்கின்றன. வாரில் கழற்றி மாட்டும் மாட்யூல்கள்: ஜிபிஎஸ் ஒன்று, கூடுதல் பேட்டரி ஒன்று, வயதானவர்கள் தடுக்கி விழுந்தால் வீட்டுக்குச் செய்தி அனுப்பும் மாட்யூல் ஒன்று. தீபாவளிக்கு முன் முதல் ஐந்நூறு கடிகாரங்களை வெளியிட நினைக்கிறீர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் நண்பர்கள், உறவினர்கள் கையில் முன்மாதிரியைக் கட்டிவிட்டுப் பார்த்ததில் ஆறு மாற்றங்கள் மனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. சதுரத் திரைக்குப் பதில் வட்டத் திரை. 300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்குப் பதில் 420. பிளாஸ்டிக் உடலுக்குப் பதில் அலுமினியம். மாட்யூல்களைப் பிடித்திருக்கும் காந்தத்துக்குப் பதில் கொக்கி. தலைப்பகுதியும் மாட்யூலும் சந்திக்கும் இணைப்பில், மின்சாரமும் தரவும் போகும் நான்கு பின்களுக்குப் பதில் ஆறு. இதயத்துடிப்பு சென்சாரைத் தலைப்பகுதியிலிருந்து வாருக்கு நகர்த்துவது. ஆறையும் செய்தால் தேதி தள்ளிப்போகும். ஒன்றும் செய்யாமல் வெளியிட மனம் ஒப்பவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொக்கியையும் பின்களையும் இப்போதே மாற்றுங்கள், அதற்காகத் தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. வட்டத் திரை, அலுமினியம் இரண்டையும் அடுத்த பதிப்புக்கு விட்டுவிடுங்கள். பேட்டரியைத் தொடாதீர்கள். சென்சாரை எந்தப் பதிப்பிலும் நகர்த்தாதீர்கள்.

எந்த மாற்றம் கடிகாரத்தை அதிகம் அழகாக்கும், எதை வாங்குபவர்கள் அதிகம் விரும்புவார்கள் என்று ஆறுக்கும் மதிப்பெண் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். சாதாரணக் கடிகாரத்துக்கு அந்தக் கணக்கு போதும். உங்களுடையதற்குப் போதாது. சாதாரண ஸ்மார்ட்வாட்ச் செய்பவருக்கு இந்த ஆண்டு விற்ற கடிகாரத்தோடு அடுத்த ஆண்டுக் கடிகாரம் எந்த விதத்திலும் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்களோ மாட்யூலைத் தனியாக விற்கப் போகிறீர்கள். இந்தத் தீபாவளிக்கு ஜிபிஎஸ் மாட்யூல் வாங்கியவர், அடுத்த தீபாவளிக்குப் புதுத் தலைப்பகுதி வாங்கினாலும் அது அதில் பொருந்த வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பை விற்றுத்தான் நீங்கள் காசு வாங்குகிறீர்கள். ஆகவே திரை, பேட்டரி, உடல் எல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். தலைப்பகுதியும் மாட்யூலும் சந்திக்கும் அந்த இணைப்பு மட்டும் வெளியீட்டு நாளோடு உறைந்துவிடும். எது உறையப் போகிறதோ அதில்தான் இப்போது நேரத்தையும் பணத்தையும் போட வேண்டும்.

உலக அளவில் இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன, இரண்டு பக்கத்திலும். 2016-இல் எல்ஜி நிறுவனம் ஜி5 என்ற போனை விட்டது. அடிப்பாகத்தை இழுத்தால் பேட்டரியோடு கையில் வரும், வேறு துண்டை மாட்டலாம். மாட்டும்போது போன் அணைந்துவிடும் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, 2017-இல் வந்த ஜி6-இல் அந்த வசதியே இல்லாமல் போனது. துண்டுகளை வாங்கியவர்கள் வாங்கியதோடு சரி. அதே 2016-இல் மோட்டோரோலா, துண்டுகளை மாட்டுவதற்காக மோட்டோ இசட் போனின் முதுகில் 16 தொடுபுள்ளிகளை வைத்தது. 2019-இல் வந்த இசட்4 வரை பழைய துண்டுகள் பொருந்தின. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, நான்கு ஆண்டுகளும் போனின் முதுகு வடிவத்தை மாற்ற முடியாமல் போனதுதான். உங்களுக்கும் அப்படித்தான் ஆகும்.

மாட்யூல்களால் ஆன போனைச் செய்யத் தொடங்கிய கூகுளின் அரா திட்டம் இன்னும் பொருத்தமான பாடம். 2013-இல் அறிவித்தபோது திரை, பிராசசர், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம் என்றார்கள். 2016 மே மாதத்தில் அவற்றையெல்லாம் சட்டகத்துக்குள் நிரந்தரமாக வைத்துவிட்டு, ஆறு இடங்களை மட்டும் மாட்யூலுக்கு விட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்த வடிவமைப்பில், மூளையும் உயிரும் நடுவில், உபரி வசதிகள் மட்டும் வெளியே. நீங்கள் அந்த இடத்திலிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள், அதைப் பாராட்டுகிறேன். உங்களுக்கு நேர் முன்னோடி லண்டனைச் சேர்ந்த பிளாக்ஸ் என்ற ஸ்மார்ட்வாட்ச் நிறுவனம். வாரின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மாட்யூல். 2015-இல், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 16 லட்சம் டாலர் அளவுக்குத் திரட்டினார்கள். பொருள் கைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போய், 2019-இல் நிறுவனம் கலைப்புக்குப் போனது. கடிகாரத்தைக் கேட்டவர்கள் குறைவு என்று சொல்ல முடியாது.

இதனால் வெளியீட்டுக்கு முன் மாற்றமே கூடாது என்று ஆகிவிடாது. பெப்பிள் என்ற ஸ்மார்ட்வாட்ச் நிறுவனம் 2012-இல் அதே தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பணம் வந்துகொண்டிருந்தபோதே புளூடூத் 4.0-ஐச் சேர்த்தார்கள், நீச்சலுக்குத் தாங்கும் அளவுக்கு நீர்க்காப்பையும் சேர்த்தார்கள். செப்டம்பரில் தருவதாகச் சொன்ன கடிகாரம் 2013 ஜனவரியில்தான் கிளம்பியது. திட்டியவர்கள் திட்டினார்கள், ஆனால் காத்திருந்தார்கள். அந்த இரண்டு மாற்றங்களும் விற்ற பிறகு மென்பொருளால் சரிசெய்ய முடியாதவை. தாமதத்துக்குத் தகுதியான மாற்றம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இனி உங்கள் இணைப்புக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களில் என்னை நிறுத்திய படம், கழற்றி வைத்த தலைப்பகுதியின் பக்கவாட்டுப் படம்தான். நான்கு பின்களில் மூன்று பளபளப்பாக இருக்கின்றன. ஓரத்தில் இருக்கும் ஒன்றின் நுனியில் மட்டும் தங்கப் பூச்சு போய், கீழே கருத்து, சுற்றிலும் பச்சைக் களிம்பு கட்டியிருக்கிறது. அது உங்கள் வரைபடத்தில் மின்சாரம் போகும் பிளஸ் பின். தற்செயலாக அது கெட்டுப்போகவில்லை. வியர்வை என்பது உப்புத் தண்ணீர். பிளஸ் பின்னுக்கும், மின்சாரம் திரும்பும் தரை (கிரவுண்ட்) பின்னுக்கும் நடுவே அது ஒரு படலமாக நின்றால் மின்பகுப்பு நடக்கும். பிளஸ் பக்கத்து உலோகம்தான் கரையும். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை இருந்தால் போதும், அடியில் உள்ள நிக்கலும் செம்பும் அந்த வழியாக வெளியே வந்துவிடும். தெற்காவணி மூல வீதியில் பூச்சு வேலை செய்யும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மெல்லிய பூச்சு எவ்வளவு நாள் தாங்கும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதுவும் மின்னழுத்தம் இல்லாமல் வெறும் உரசலுக்கே அந்தக் கதி.

இதில் கவனிக்க வேண்டியது, மாட்யூல் மாட்டாதபோதும் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் நின்றுகொண்டே இருக்கிறது என்பது. சாதாரண வாரோடு கட்டியிருந்தாலும் தோலின் ஈரத்தில் அது நாள் முழுக்கக் கரைகிறது. ஆகவே ஆறு பின்கள் வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும். 'பிற்காலத்தில் வேகமாகத் தரவு அனுப்பத் தேவைப்படலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிபிஎஸ்ஸுக்கும் விழுந்தால் சொல்லும் மாட்யூலுக்கும் இப்போதைய வேகமே தாராளம். ஐந்தாவது பின்னை, மாட்யூல் வந்துவிட்டதா என்று கண்டறிவதற்கு வையுங்கள். மற்றவற்றைவிட அதன் நீளம் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். மாட்டும்போது கடைசியாகத் தொடும், கழற்றும்போது முதலில் விடும். அது தொட்ட பிறகுதான் பிளஸ்ஸுக்கு மின்சாரம் போக வேண்டும், விட்ட கணமே நிற்க வேண்டும். இதற்கு, மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு சின்ன லோடு சுவிட்ச் சிப் போதும். ஆறாவது பின்னை மாட்யூல் தலைப்பகுதியைத் தட்டி எழுப்புவதற்கு வையுங்கள். தாத்தா விழுந்துவிட்டார் என்ற செய்தி, தலைப்பகுதி தானாக விழித்துக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

பிளஸ் ஒரு ஓரத்திலும் தரை மறு ஓரத்திலும் இருக்கட்டும். இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பின்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் உயரத்துக்குப் பிளாஸ்டிக் வரம்பு எழுப்பினால் வியர்வைப் படலம் தொடர்ச்சியாக நிற்காது. சுற்றிலும் ஒரு சிலிக்கோன் ரப்பர் விளிம்பு. நிக்கலைப் பற்றியும் ஒன்று: சிலருக்கு நிக்கல் தோலில் பட்டால் அரிக்கும், சிவந்து தடிக்கும். தோலில் நீண்ட நேரம் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் அங்கே விற்கப் போவதில்லை. ஆனால் மதுரைத் தோலும் தோல்தான். பின்கள் தோலைத் தொடாத அளவுக்கு உள்வாங்கி இருக்கட்டும்.

'ஐபி67 சோதனையில் தேறிவிட்டோமே' என்பீர்கள். அந்த நீர்க்காப்புச் சோதனை, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அதுவும் நல்ல தண்ணீரில். உள்ளே தண்ணீர் புகுந்ததா என்றுதான் அது பார்க்கிறது. வெளியே இருக்கும் பின் என்ன ஆனது என்று பார்ப்பதில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவே உங்கள் நண்பர் கட்டியிருந்த கடிகாரம் நன்றாக ஓடியது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பீய்ச்சிய தண்ணீர் அதற்கு நல்லதே செய்திருக்கும், உப்பைக் கழுவியிருக்கும். வெயிலில் வியர்த்து, கழுவாமல், இரவில் அப்படியே மேசையில் வைத்துக் காய்ந்து, மறுநாள் மறுபடி வியர்க்கும் கடிகாரத்தைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும். உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சைப் பின்கள் மேல் வைத்து, மின்சாரம் கொடுத்து, ஒரு வாரம் விடுங்கள். பழைய அமைப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொடரில் எத்தனை மாட்யூல் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு தொடுபுள்ளியின் மின்தடை புதிதாக இருக்கும்போது 50 மில்லி ஓம் என்று வையுங்கள். ஐந்தாவது மாட்யூலுக்குப் போக மின்சாரம் ஐந்து இணைப்புகளைத் தாண்டி, தரை வழியாக இன்னும் ஐந்தைத் தாண்டித் திரும்ப வேண்டும்: மொத்தம் அரை ஓம். 200 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் இழப்பு, அது பெரிதல்ல. களிம்பு பிடித்து ஒவ்வொன்றும் அரை ஓம் ஆகிவிட்டால் இழப்பு ஒரு வோல்ட். 3.3 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் கடைசி மாட்யூல் அணைந்து அணைந்து எரியும். 'கடைசியில் மாட்டினால் ஜிபிஎஸ் சில சமயம் வேலை செய்யவில்லை' என்று உங்கள் சித்தப்பா சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதைச் சமாளிக்க மென்பொருளில் தேடுவதற்கு முன் இந்தத் தடையை அளந்து பாருங்கள்.

ஒரே மாதிரி இரண்டு மாட்யூலை மாட்டினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். சிப்புகள் ஒன்றோடொன்று தரவு பேசும் ஐ2சி என்ற பொதுத் தடத்தில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு முகவரி. இரண்டு பேட்டரி மாட்யூலுக்கும் ஒரே முகவரி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் பேசும். மாட்டியவுடன் மாட்யூல் தன் வகை, பதிப்பு, தனக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற மூன்றையும் சொல்லி, தலைப்பகுதி தரும் முகவரியை ஏற்கும்படி எழுதுங்கள். மாட்யூலின் நிரலையும் அதே பின்கள் வழியாகப் புதுப்பிக்க வழி விடுங்கள். இந்த ஒன்று இருந்தால் மற்ற மென்பொருள் பிழைகளைத் தீபாவளிக்குப் பிறகும் திருத்திக்கொள்ளலாம். இது இல்லாமல் விற்ற மாட்யூல், விற்றபடியே இருக்கும்.

கொக்கியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. காந்தம் நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் நழுவினால் விட்டுவிடும். பெரியார் பஸ் நிலையத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறுகிறவர் கையில் வார் இழுபடுவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான். பட்டறைகளில் வேலை செய்பவர் கட்டினால் இரும்புத் துகள் எல்லாம் பின்கள் மேல் ஒட்டும். திசைகாட்டி சென்சார் குழம்பும். இன்னொன்று, உங்கள் வாடிக்கையாளர்களில் வயதானவர்கள் அதிகம். வலுவான காந்தம் உள்ள கருவிகளைப் பேஸ்மேக்கர் போன்றவற்றிலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளி வைக்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இல் அறிவுறுத்தியது. கையை நெஞ்சில் வைத்துத் தூங்காதவர் யார்? கொக்கிக்கு மாறிய பிறகு, மாட்டிய வாரில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு உலுக்குங்கள். நாளுக்கு இரண்டு முறை கழற்றினால் மூன்று ஆண்டில் ஏறத்தாழ 2,200 முறை. ஐயாயிரம் முறை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டு அளவை உறுதி செய்யுங்கள்.

அதோடு தலைப்பகுதியின் இரு முனைகளிலும் சாதாரண வாரைப் பிடிக்கும் 22 மில்லிமீட்டர் ஸ்பிரிங் பார் போடுவதற்கும் ஓட்டை விடுங்கள். நாளை மாட்யூல் வியாபாரம் எப்படிப் போனாலும், வாங்கியவர் டவுன்ஹால் ரோட்டில் ஒரு வார் வாங்கி மாட்டிக்கொண்டு கடிகாரமாகவாவது கட்டிக்கொள்வார். பெரிய நிறுவனங்கள் சிலகூட இந்த மரியாதையைச் செய்வதில்லை என்பது என் பழைய மனக்குறை.

பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் மோல்டின் செலவைப் பற்றி நீங்கள் பயப்படுவது புரிகிறது. இதைக் கப்பலூரிலோ கே.புதூரிலோ உங்கள் மோல்டு செய்பவரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், வாட்ஸ்ஆப்பில் பேசாதீர்கள். மோல்டில் இரும்பைச் சுரண்டி எடுப்பது சுலபம், எடுத்த இடத்தில் திரும்பச் சேர்ப்பது கடினம். இரும்பைச் சுரண்டினால் பொருளில் பிளாஸ்டிக் கூடும். அதாவது பொருளில் ஒரு வரம்பு, ஒரு புடைப்பு சேர்க்க வேண்டுமென்றால் அரை நாள் வேலையாகக்கூட இருக்கலாம். பள்ளம் வேண்டுமென்றால் மோல்டில் வெல்டிங் வைத்து மறுபடி கடைய வேண்டும், அந்த இடத்தில் தழும்பு தெரியும். பின்களுக்கு நடுவே நான் சொன்ன வரம்பு முதல் வகை. கொக்கி உட்காரும் பள்ளம் இரண்டாவது வகை. எனவே கொக்கியின் ஆண் பாகம் தலைப்பகுதியில் துருத்திக்கொண்டும், பெண் பாகம் மாட்யூலிலும் வரும்படி வரைந்தால், தலைப்பகுதி மோல்டைக் காப்பாற்றிவிடலாம். மாட்யூல் மோல்டு சின்னது, அதைப் புதிதாகச் செய்தாலும் தாங்கும். முனைப்பகுதியை, மோல்டிலிருந்து கழற்றி மாற்றக்கூடிய தனி இன்சர்ட்டாகச் செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். செய்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் முடிந்தது. கொக்கியின் இறுக்கத்தை முதலில் கொஞ்சம் தளர்வாகவே வரையுங்கள். பிளாஸ்டிக்கைக் கூட்டி இறுக்கலாம், குறைத்துத் தளர்த்துவதுதான் சிரமம்.

பேட்டரியை ஏன் தொடக் கூடாது என்கிறேன்? ஸ்மார்ட்வாட்ச் இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கட்டாயப் பதிவின் கீழ் வரும் பொருள். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 தரத்தின்படி தனிப் பதிவு வேண்டும். சரக்காக அனுப்புவதற்கு, லித்தியம் பேட்டரிக்கான ஐ.நா. 38.3 பாதுகாப்புச் சோதனை அறிக்கையும் கேட்பார்கள். செல்லை மாற்றினால் இந்தத் தாள்களை எல்லாம் மறுபடி புரட்ட வேண்டும். கடிகாரத்தின் சோதனை அறிக்கையிலும் செல் ஒரு முக்கிய உறுப்பு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பை வகைச் செல் வயதாக ஆக உப்பும். அதற்கு விட்ட இடைவெளியில்தான் உங்கள் 420-ஐ நுழைக்கப் பார்க்கிறீர்கள். லித்தியம் செல்லை வழக்கமாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாத மதுரையில், வெயிலில் நிற்கும் காருக்குள் சார்ஜில் போட்டுவிட்டுப் போகிறவர் இருக்கத்தான் செய்வார். உப்ப இடம் இல்லாத செல் திரையைத்தான் தள்ளும்.

அதெல்லாம் இருக்கட்டும், கூடுதல் பேட்டரிக்குத்தான் மாட்யூலே வைத்திருக்கிறீர்களே! தலைப்பகுதி பேட்டரியைப் பெரிதாக்கினால் அந்த மாட்யூலை யார் வாங்குவார்? அந்த மாட்யூலில் ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் செல்லைத் தலைப்பகுதி செல்லோடு நேராக இணைத்துவிடாதீர்கள். ஒன்று 4.2 வோல்ட்டில் நிறைந்தும் மற்றது 3.6 வோல்ட்டில் இறங்கியும் இருக்கும்போது மாட்டினால், நடுவே உள்ள மொத்தத் தடை 0.3 ஓம் என்றால்கூட இரண்டு ஆம்பியர் பாயும். 300 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு அது தாங்காத வேகம். மாட்யூல், தலைப்பகுதியின் சார்ஜிங் சுற்று வழியாகத்தான் ஊட்ட வேண்டும்.

சென்சார். பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, ரத்தம் எவ்வளவு விழுங்கியது என்று பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது அது. தோலோடு ஒட்டி, ஆடாமல், ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இருந்தால்தான் எண்ணிக்கை நம்பத் தகுந்தது. நம்மைப் போன்ற நிறத்தில் தோலே பச்சை ஒளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும்; திரும்பி வரும் மிச்சம் குறைவு, அதில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும் வெளிவெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். வாரில் வைத்தால் ஒருவர் அதை மணிக்கட்டின் பக்கத்தில் மாட்டுவார், மற்றவர் தசைநாண்கள் அசையும் உள்பக்கத்தில் மாட்டுவார். தலைப்பகுதியின் அடிவயிறே அதற்கான இடம், அங்கேயே இருக்கட்டும்.

அலுமினியத்துக்கு ஒரே பத்தி போதும். உங்கள் புளூடூத் ஆன்டெனா பிளாஸ்டிக் உடலை மனத்தில் வைத்து ஒத்திசைக்கப்பட்டது. சுற்றிலும் உலோகம் வந்தால் அலைவரிசை நகர்ந்துவிடும், தூரம் சுருங்கும். எங்கே பிளவு விடுவது, எங்கே பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பது என்று மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வெயிலில் சுடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு கடிகாரத்துக்கு இது வேண்டாத வேலை.

வட்டத் திரையை விரும்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, கையில் கட்டினால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே அகலத்தில் வட்டம் சதுரத்தின் பரப்பில் ஏறத்தாழ 78.5 சதவீதம்தான். வெட்டுப்படுவது நான்கு மூலைகளும். எழுத்து வரிகள் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். நீங்கள் தமிழில் செய்தி காட்டுவதாக அறிவித்திருக்கிறீர்கள். 'திருப்பரங்குன்றம்' என்ற ஊர்ப்பெயரை அறுபது வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் உங்கள் சதுரத் திரையில் போட்டுப் பாருங்கள், பிறகு வட்டத்தின் மேல் வரியில் போட்டுப் பாருங்கள். சொல்லை எங்கே உடைப்பது என்று தவிப்பீர்கள். மேல் வரியும் கீழ் வரியும் வீணாகி, நடுவில் மூன்று வரிதான் மிஞ்சும். ஆப்பிள் 2015-இல் முதல் கடிகாரம் விட்டதிலிருந்து மூலை வளைந்த செவ்வகத்தை விடவில்லை என்பதையும் பாருங்கள். தலைப்பகுதி பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. இணைப்பு சரியாக இருந்தால் அடுத்த ஆண்டு வட்டத் தலை ஒன்றைத் தனியாகவே விற்கலாம், பழைய மாட்யூல்கள் அதில் மாட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, அதுவும் உறையப் போகிற விஷயம்தான்: மாட்யூலின் நீளம். இப்போது ஒன்று 18 மில்லிமீட்டர். உங்கள் படங்களில் கட்டியிருப்பவர்கள் எல்லோரும் வாட்டசாட்டமான இளைஞர்கள். 140 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள மணிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பெண்களில் பலருக்கும் வயதானவர்களுக்கும் அவ்வளவுதான் இருக்கும். தலைப்பகுதிக்கு 44, பூட்டுக்கு 30 போனால் மிச்சம் 66. அதில் மூன்று மாட்யூல்தான் நுழையும், அதற்குள்ளேயே வார் வளையாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். விழுந்தால் சொல்லும் மாட்யூலை யாருக்காகச் செய்தீர்களோ அந்தப் பாட்டியின் கையில் அது வளையல் மாதிரிச் சுழலும். 14 மில்லிமீட்டருக்குக் குறைக்க முடியுமா என்று ஜிபிஎஸ் ஆன்டெனாவை வைத்துப் பாருங்கள், அதுதான் குறையவிடாது. முடியாவிட்டால் ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் இரட்டை நீளம் கொடுத்து மற்றவற்றைச் சின்னதாக்கலாம். அடுத்த சோதனைக்குக் கட்டிவிடும் கைகளில் பாதியாவது பெண்கள், முதியவர்கள் கைகளாக இருக்கட்டும், தம்பி.

தேதி விஷயம். கொக்கி, பின், நீளம் மூன்றையும் மாற்றினால் மாட்யூல் மோல்டு புதிது, சர்க்யூட் போர்டு ஒரு சுற்று, உப்புச் சோதனை என்று ஆறு முதல் எட்டு வாரம் கேட்கும். தீபாவளி கைவிட்டுப் போகலாம், பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டியவர்களிடம் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதாதீர்கள். களிம்பு பிடித்த அந்தப் பின்னின் படத்தையே போட்டு, இதனால்தான் தாமதம், பணம் திரும்ப வேண்டுமென்றால் இன்றே தருகிறோம் என்று எழுதுங்கள்.

பெட்டி கறுப்பா, சுங்குடிப் புள்ளியா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அதில் எனக்குக் கருத்து எதுவும் இல்லை. மூடியின் உள்பக்கத்தில், கடிகாரத்தை இரவில் கழற்றும்போது நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசித் துடைத்து வைக்கவும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுவிடுங்கள்.